148 என்ற எண்ணும் அப்பாவின் 52 வயதும்

கேட்டவர் எழுதியது, சுருக்கமாக: "நாகர்கோவில் பக்கம். வயது 41. வங்கியில் வேலை. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு இப்போது எடுத்த பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 222, எல்டிஎல் 148, எச்டிஎல் 36, டிரைகிளிசரைடு 190. வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. பிரஷர் 136/86. இடுப்பு 38 அங்குலம். சிகரெட், குடி இல்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்க டாக்டர் ரோசுவாஸ்டாடின் 10 மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்த வயதிலேயே ஆயுசுக்கும் மாத்திரையா? சாப்பாட்டிலேயே குறைக்க முடியாதா? வீட்டில் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய்தான். பூண்டுக் கஷாயம் குடித்தால் அடைப்பு கரையும் என்கிறார்களே? தம்பிக்கு 36 வயது, அவன் நன்றாக இருக்கிறான்."

உங்கள் டாக்டர் எடுத்தது சரியான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்களை நேரில் பார்த்தவர் அவர், கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும். நான் திருநெல்வேலியில் இருபது வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். இதே கேள்வியை இதே பயத்தோடு வாரத்துக்கு நாலைந்து பேராவது என் முன்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஓ.பி. கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 200-ஐத் தாண்டியதால் 222-ஐத் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள், உங்கள் கண்ணும் அங்கேதான் போயிருக்கும். அந்த எண்ணை வைத்துப் பெரிதாக எதுவும் முடிவு செய்ய முடியாது. கொலஸ்ட்ரால் ஒரு கொழுப்புப் பொருள். தண்ணீரில் எண்ணெய் கரையாத மாதிரி ரத்தத்தில் அது கரையாது. அதனால் புரதம் சுற்றிய சின்னச் சின்னத் துகள்களில் ஏறித்தான் உடம்பெல்லாம் போய்வருகிறது. எல்டிஎல் என்பது அப்படி ஒரு துகள். ரத்தக் குழாயின் உள்சுவருக்குள் புகுந்து மாட்டிக்கொள்வதும், அங்கே படிந்து கட்டியாவதும் பெரும்பாலும் இதுதான். எல்லாத் துகள்களையும் சேர்த்துக் கூட்டிய மொத்தக் கணக்கு இதைக் காட்டிக் கொடுக்காது.

பல லேப்களில் எல்டிஎல்லைத் தனியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். 1972-ல் ஃப்ரீட்வால்ட் என்பவரின் பெயரில் வந்த கணக்கு அது. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழிக்க வேண்டும், ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழிக்க வேண்டும். 222-ல் 36 போக 186, அதில் 38 போக 148. உங்கள் ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் வந்திருக்கிறது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. உங்களைப் போல அது கொஞ்சம் ஏறியிருப்பவர்களிடம் நான் நடுவில் வந்த அந்த 186-ஐயும் பார்ப்பேன். அதற்கு நான்-எச்டிஎல் என்று பெயர். சுவருக்குள் புகக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் அதில் அடக்கம். அதைப் பார்க்கப் பட்டினி கிடக்கவும் வேண்டாம்.

எச்டிஎல் 36 என்பது குறைவு. 'நல்ல கொலஸ்ட்ரால்' என்று பெயர் வாங்கியதால் அதை ஏற்றுவதற்கு என்ன சாப்பிடலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மருந்து கொடுத்து ஏற்றிப் பார்த்தாயிற்று. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை நன்றாகவே ஏற்றியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியதால் 2006-ல் அந்த ஆய்வையே நிறுத்தினார்கள். நியாசின் என்ற பி வைட்டமினைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை. எச்டிஎல் 36 என்றால் அதை ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக் கொழுப்பு, ஏறத் தொடங்கிய சர்க்கரை, ஏறிய டிரைகிளிசரைடு இவற்றோடு கூடவே வருகிற அடையாளம் அது. நம் ஊர்க்காரர்களின் ரிப்போர்ட்டில் இந்தக் கூட்டணியைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 81 பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. குறைந்த எச்டிஎல்லும் ஏறிய டிரைகிளிசரைடும் அதில் பெரிய பங்கு.

இப்போது உங்களுக்கு இருக்கும் ஆபத்தைப் பார்ப்போம். 1948-ல் அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5,209 பேரைச் சேர்த்து, யாருக்கு இதய நோய் வருகிறது, ஏன் வருகிறது என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பிரஷர், கொலஸ்ட்ரால், சிகரெட் எல்லாம் மாரடைப்போடு தொடர்புள்ளவை என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு அடித்தளம் அந்த ஊர் மக்கள்தான். ஆனால் அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். நமக்கும் அது பொருந்துமா என்ற கேள்வி இருந்தது. அதற்கு விடை சொன்னது 2004-ல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு. இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்தது. முதல் மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், வராத ஏறக்குறைய அதே அளவு பேரையும் ஒப்பிட்டார்கள். கொழுப்புத் துகள்களின் கோளாறு, புகை, பிரஷர், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி சாப்பிடாதது, உடலுழைப்பு இல்லாதது, மது ஆகிய ஒன்பதும் சேர்ந்து ஆபத்தில் 90 சதவீதத்தை விளக்கிவிட்டன. எல்லா நாட்டிலும் இதே ஒன்பதுதான். அதே ஆய்வில் தெற்காசியர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது நமக்கு 53, மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. ஆறு வருடம் முந்திக்கொண்டு வருகிறது. இந்த ஆபத்துக் காரணங்கள் நம்மைச் சின்ன வயதிலேயே பிடித்துக்கொள்வதுதான் இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலான காரணம் என்றும் சொன்னார்கள்.

உங்கள் அப்பாவின் 52 இதில் அப்படியே பொருந்துகிறது. அப்பா, அண்ணன், தம்பி என்று நெருங்கிய ரத்த உறவில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா, தங்கைக்கு 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் அதை முன்கூட்டியே வந்த நோய் என்று கணக்கில் எடுப்போம். உங்கள் ஆபத்துக் கணக்கில் அது ஒரு கனமான புள்ளி. அடுத்தது இடுப்பு. 38 என்று எழுதியிருப்பது பேண்ட் சைஸா? அப்படியானால் உண்மையான சுற்றளவு அதைவிடக் கூடவே இருக்கும், ஏனென்றால் பேண்ட்டை நாம் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம். சட்டையைத் தூக்கி, வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை விட்டபிறகு தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. 38 அங்குலமே 96 சென்டிமீட்டருக்கு மேல். இடுப்பு, டிரைகிளிசரைடு 150-க்கு மேல், எச்டிஎல் 40-க்குக் கீழ், பிரஷர் 130/85-க்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கு மேல் என்ற ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். உங்களுக்கு ஐந்தும் இருக்கிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான் தாண்டியிருப்பதால் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. சேர்த்துப் பார்த்துத்தான் உங்கள் டாக்டர் மருந்துச் சீட்டு எழுதியிருக்கிறார்.

இதில் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிற ஒரு விஷயம் உண்டு. எல்டிஎல்லைப் பரீட்சை மார்க் மாதிரிப் பார்க்காதீர்கள். 129 என்றால் பாஸ், 131 என்றால் ஃபெயில் என்று எதுவும் கிடையாது. எவ்வளவு என்பதோடு எத்தனை வருடமாக என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். ரத்தக் குழாய் அப்படித்தான் கணக்கு வைக்கிறது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்த முடிவு 1953-ல் வெளியானது. சராசரி வயது 22. அவர்களில் நாலில் மூன்று பேருக்கு இதய ரத்தக் குழாயில் படிவு ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம் இருக்கிறது. பிசிஎஸ்கே9 என்ற மரபணு வேலை செய்யாமல் பிறந்தவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே எல்டிஎல் குறைவு. 2006-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கறுப்பின மக்களில் இந்த மாற்றம் இருந்தவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவாக இருந்தது. ஆனால் 15 வருடத்தில் அவர்களுக்கு இதய நோய் 88 சதவீதம் குறைவாக வந்தது. நடுவயதில் மாத்திரை தொடங்கி அதே 28 சதவீதத்தைக் குறைத்தால் இவ்வளவு பலன் கிடைப்பதில்லை. வித்தியாசம் வருடங்களில் இருக்கிறது. '41 வயதிலேயா' என்று நீங்கள் வருத்தப்பட்டுக் கேட்டீர்கள். நான் '41-லேயே தெரிந்துவிட்டதே' என்று நிம்மதிப்படுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹார்டுவேர் கடை வைத்திருந்த 47 வயதுக்காரர். காலை எட்டரை மணிக்கு, தானே பைக் ஓட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பனியன் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. "டாக்டர், ராத்திரி ரெண்டு மணியிலேருந்து கேஸ் பிடிச்சிருக்கு, ஒரு ஊசி போட்டு விடுங்க" என்றார். வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், சோடா குடித்திருக்கிறார், ஏப்பம் வந்ததும் கொஞ்சம் பரவாயில்லை என்று படுத்திருக்கிறார். நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்று கையை விரித்து நெஞ்சில் வைத்துக் காட்டினார். ஈசிஜி எடுத்தபோது பெரிய மாரடைப்பு. ஆறரை மணி நேரம் போய்விட்டிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம், அடைப்பை எடுத்தார்கள், பிழைத்தார். ஆனால் இதயத்தின் முன்பக்கச் சதை ஒரு பகுதி செத்துப்போயிற்று. இப்போது கடைக்குள் இருக்கும் ஏணியில் நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவர் மனைவி ஒரு கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு வருடம் முன்பு எடுத்த முழு உடல் பரிசோதனை. மொத்தக் கொலஸ்ட்ரால் 205, டிரெட்மில் டெஸ்ட் நார்மல். "இருநூறு பக்கம்தானே, டிரெட்மில்லும் நார்மல்தானே என்று விட்டுவிட்டோம்" என்றார் அந்த அம்மா. அதே தாளில் கீழே எல்டிஎல் 139, எச்டிஎல் 31 என்று இருந்தது.

டிரெட்மில் நார்மல் என்றால் அன்றைக்கு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிற அளவு பெரிய அடைப்பு இருக்க வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான். நிறைய மாரடைப்புகள் பாதிக்கும் குறைவாக அடைத்திருக்கிற சின்னப் படிவில்தான் வருகின்றன. படிவுக்கு மேல் ஒரு மெல்லிய தோல் இருக்கும். அது ஒரு நாள் கிழிகிறது. உடனே அந்த இடத்தில் காயத்துக்கு உறைவது போல ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் முழுக்க மூடிக்கொள்கிறது. "நேத்து வரைக்கும் நல்லா இருந்தானே" என்று சாவு வீட்டில் சொல்கிறார்களே, அது உண்மைதான், நேற்று வரை எந்தத் தொந்தரவும் தெரிந்திருக்காது.

சரி, மாத்திரைக்கு வருவோம். நம் கொலஸ்ட்ராலில் முக்கால் பங்கு போல உடம்பே தயாரிப்பது, அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. 1973-ல் ஜப்பானில் அகிரா எண்டோ என்ற ஆய்வாளர் பூஞ்சைக் காளானிலிருந்து, இந்தத் தயாரிப்பைத் தடுக்கிற ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். ஸ்டாடின் குடும்பத்துக்கு அதுதான் மூத்தது. தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் என்ன செய்கிறது தெரியுமா? தனக்குத் தேவையான கொலஸ்ட்ராலுக்காகத் தன் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடிக்கிற கொக்கிகளை அதிகமாக முளைக்க விடுகிறது. ரத்தத்தில் போகிற எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தக் கொக்கிகளைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம் எல்டிஎல்லை ஏறக்குறைய 45 சதவீதம் குறைக்கும். உங்கள் 148 எண்பதுக்குப் பக்கத்தில் வரும். பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குப்படி, எல்டிஎல் ஒவ்வொரு 39 மில்லிகிராம் குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரில், மாத்திரை சாப்பிட்டவர்களிடையே மொத்த இறப்பே 30 சதவீதம் குறைந்தது.

பக்கவிளைவு பற்றி மறைக்காமல் சொல்கிறேன். சிலருக்குத் தசைவலி வரும். தொடை, தோள் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்கும். மிக மிக அரிதாகத் தசை சிதைந்து சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போகலாம், அப்படியானால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் வருகிற எல்லா வலிக்கும் மாத்திரை காரணம் கிடையாது. 2020-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாடின், சில மாதம் வெறும் மாவு மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லாமல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது ஸ்டாடின், எது மாவு என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாடினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் மாவு மாத்திரையிலும் வந்தது. வலி நிஜம், வலித்தவர்கள் பொய் சொல்லவில்லை. பயத்தோடு விழுங்கிய மாத்திரை உடம்பில் அப்படி வேலை செய்கிறது. முடிவைக் காட்டிய பிறகு அவர்களில் பாதிப்பேர் திரும்ப ஸ்டாடினைத் தொடங்கினார்கள்.

இன்னொன்று உங்களுக்குக் குறிப்பாகப் பொருந்தும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களை ஸ்டாடின் சிறிதளவு அந்தப் பக்கம் தள்ளலாம். உங்கள் 108 அந்த விளிம்பு. இருந்தாலும் மாரடைப்பைத் தடுக்கிற பலன் அதைவிடப் பெரியது என்பதால்தான் சர்க்கரை நோயாளிகளுக்கே ஸ்டாடின் கொடுக்கிறோம். மூன்று மாத சராசரிச் சர்க்கரையை, அதாவது எச்பிஏ1சி-யை, இப்போது ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் சோதனையையும் தொடங்கும் முன் ஒருமுறை எடுத்துவிடுவது வழக்கம். தைராய்டும் பார்க்கச் சொல்வேன், அது குறைவாக வேலை செய்தாலே எல்டிஎல் ஏறும், அதைச் சரிசெய்தால் இறங்கும். இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை: கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டிருந்தாலோ ஸ்டாடின் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஆயுசுக்குமா என்றால், பெரும்பாலும் ஆமாம். நிறுத்தினால் சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே போய்விடும். ரிப்போர்ட் நன்றாக வந்ததும் "குணமாகிவிட்டது" என்று அட்டையில் பாதி மாத்திரையோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. நன்றாக வந்ததே அந்த மாத்திரையால்தான். செலவுக்காக நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் அதே குடும்பத்து அடார்வாஸ்டாடின் இலவசமாகவே கிடைக்கிறது, மக்கள் மருந்தகங்களில் இரண்டு வகையும் மலிவு. எட்டு வாரம், பன்னிரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பொதுவாக எல்லோருக்கும் எல்டிஎல் 100-க்குக் கீழ், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் போன்ற அதிக ஆபத்துக்காரர்களுக்கு 70-க்குக் கீழ், உங்கள் அப்பாவைப் போல ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழ் என்று சொல்லியிருக்கிறது. உங்களுக்கு எது என்று டாக்டரிடம் கேட்டு ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது வராவிட்டால் மாத்திரையை இரட்டிப்பாக்கினாலும் இன்னும் 6 சதவீதம்தான் குறையும். அப்போது எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது வழக்கம். அப்பாவின் கடைசி எல்டிஎல் எவ்வளவு என்றும் பாருங்கள். ஸ்டென்ட் வைத்ததும் எல்லாம் முடிந்தது என்று பல வீடுகளில் அதைப் பார்ப்பதே இல்லை.

சாப்பாட்டால் முடியாதா என்று கேட்டீர்கள். எல்டிஎல்லை ஒழுங்கான சாப்பாடு பத்து, பதினைந்து சதவீதம் குறைக்கும். 148 என்பது 126, 133 என்று வரும். உங்கள் ஆபத்துக்கு அது போதாது. ஆனால் டிரைகிளிசரைடு, தொப்பை, சர்க்கரை, பிரஷர் நான்கையும் மாத்திரையைவிடச் சாப்பாடும் நடையும்தான் நன்றாகக் கவனிக்கும். இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

தேங்காயெண்ணெய் பற்றி உங்கள் ஊர்க்காரர்களிடம் பேசுவது எனக்கே கொஞ்சம் சங்கடம். என் மாமியார் வீடு தக்கலைப் பக்கம். அந்த எண்ணெயில் தாளித்த வாசனை இல்லாமல் அவியல் அவியலாக இருக்காது. இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் செறிவுற்ற கொழுப்பு. நெய்யில்கூட அறுபது சொச்சம்தான், பாமாயிலில் பாதி, கடலையெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இருபதுக்குள். செறிவுற்ற கொழுப்பு கல்லீரலின் அந்தக் கொக்கிகளைக் குறைத்துவிடுகிறது. மாத்திரை ஒரு பக்கம் கொக்கியை வளர்க்க, எண்ணெய் இன்னொரு பக்கம் அதை உதிர்க்கிறது. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தேங்காயெண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றுகிறது. செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் இந்தக் கொழுப்பு அதேதான். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாட்டிலில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. வீட்டுப் பொரியலுக்கும் குழம்புக்கும் கடலையெண்ணெயோ நல்லெண்ணெயோ வைத்துக்கொண்டு, அவியலுக்குக் கடைசியில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் ஊற்றுங்கள். வாசனை அதிலேயே வந்துவிடும். ஆபத்து மாலை நேரத்தில்தான் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸை டிவி முன்னால் உட்கார்ந்து அரைக் கிலோ பாக்கெட் காலி செய்வது, தினமும் டீயோடு வடை. அதை வாரத்துக்கு ஒரு நாளாக்கினாலே நிறைய மாறும்.

சாளை மீன் உங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதே, அதைக் குழம்பாக வைத்து வாரம் இரண்டு மூன்று நாள் சாப்பிடுங்கள். நல்ல கொழுப்பு அதில் இருக்கிறது. பொரித்தால் எண்ணெய் சேர்ந்துவிடும். முட்டையைப் பற்றி இப்போது அவ்வளவு பயமில்லை, நாளுக்கு ஒன்று பெரும்பாலானோருக்குப் பரவாயில்லை. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பயறு, கொண்டைக்கடலை, கீரை, அவரை, வெண்டை என்று போடுங்கள். பருப்பு வகைகளின் நார்ச்சத்து குடலிலேயே கொலஸ்ட்ராலைக் கட்டி வெளியே தள்ளும். டிரைகிளிசரைடு 190 என்பது பெரும்பாலும் சோறு, சர்க்கரை, பேக்கரி இவற்றின் கணக்கு, இரண்டு மாதத்தில் இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, பேசலாம் ஆனால் பாட்டுப் பாட முடியாது என்கிற வேகத்தில்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர் கஷாயம் அடைப்பைக் கரைக்காது. அடைப்பு குழாயின் சுவருக்குள் மூடிக்கிடக்கிறது, குடித்தது குடலில் செரித்துவிடுகிறது. பூண்டும் வெந்தயமும் நல்ல சாப்பாடுதான், குழம்பில் தாராளமாகப் போடுங்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன்.

ஒருவேளை உங்களுக்கோ அப்பாவுக்கோ நெஞ்சின் நடுவில் அழுத்தம் வந்து, அது தாடை, தோள், இடது கை, முதுகு என்று பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, "கேஸா இருக்கும்" என்று பதினைந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், குமட்டல், காரணமில்லாத அசதி என்றுகூட வரும். பைக் ஓட்டிப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் முதல் டோஸை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். முதல் ஈசிஜி நார்மலாக இருந்தாலும் வலி நிற்கவில்லையென்றால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். மற்றபடி, முன்னெச்சரிக்கை என்று தினமும் ஆஸ்பிரினை நீங்களாகவே ஆரம்பிக்க வேண்டாம், வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம்.

கடைசியாக இரண்டு விஷயம். லைப்போபுரோட்டீன்-ஏ என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. அது பரம்பரையாக வருவது, சாப்பாட்டாலும் நடையாலும் பெரிதாக மாறாது, அதனால் வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அப்பாவுக்கு 52-ல் வந்ததால் உங்கள் வீட்டில் இதை அவசியம் பார்க்க வேண்டும் என்பேன்.

தம்பி நன்றாக இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் போன மாதம் வரை ஒன்றும் தெரியாமல்தானே இருந்தது? அவருக்கும் அதே அப்பா. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் உங்கள் ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுங்கள். அடுத்த நாள் காலையிலேயே அவரை லேபுக்குக் கூட்டிப்போய், கொழுப்பு, சர்க்கரை, லைப்போபுரோட்டீன்-ஏ மூன்றுக்கும் ரத்தம் கொடுக்கவையுங்கள். பிரஷரையும் அங்கேயே பார்த்துவிடலாம்.